தமிழ்க் குடும்பங்களே சேர்ந்து உண்ணும் கோளாறு பற்றி ஆய்வு செய்ய முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா மகளுக்கு அனோரெக்சியா, அதாவது உணவைக் குறைத்துக்கொண்டே போய் ஆபத்தான அளவுக்கு மெலியவைக்கும் உண்ணும் கோளாறு. அதே நிலையில் பிள்ளைகள் உள்ள ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறீர்கள். சிங்கப்பூர்த் தமிழ் இளையர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை, நாமே கணக்கெடுப்போம் என்று ஒரு கூகல் படிவத்தைச் சுற்றுக்கு விட்டீர்கள். நாற்பது பேர் நிரப்பியும்விட்டார்கள். இதற்கிடையில் முதுகலை படிக்கும் ஒருவர் வந்து, “சேர்ந்து செய்வோம், நீங்கள் எல்லாரும் இணை ஆய்வாளர்கள்” என்கிறார். எங்கே தொடங்குவது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் படுகிறது: எங்கள் வீட்டு வேதனையை எடுத்துக்கொண்டு போய் அவர் பட்டம் வாங்கிய பிறகு, எங்களுக்கு என்ன மிஞ்சும்? இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

என் பயிற்சி மனநல ஆய்வு முறைகளில், சிகிச்சையில் இல்லை. அதனால் அக்கா மகளின் எடை, மருந்து, உணவுத் திட்டம் பற்றிக் கடைசியில் கேட்டிருப்பதற்கு நான் பதில் சொல்வது தவறாகிவிடும். அதை அவளைப் பார்க்கும் குழுவிடமே கேளுங்கள். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இது உயிரைப் பறிக்கக்கூடிய நோய். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான கணக்கின்படி, அனோரெக்சியா உள்ளவர்களின் இறப்பு விகிதம் அதே வயதுள்ள மற்றவர்களுடையதைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை. வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறலாம்; வெளியே பார்க்க ஆள் நன்றாகவே இருப்பாள். உங்கள் ஆய்வில் பேச வருகிறவர்களில் சிலர் அந்த வாரமே ஆபத்தில் இருக்கலாம் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன். திட்டத்தின் ஒவ்வொரு படியையும் அந்த நினைப்போடுதான் போட வேண்டும்.

இனி ஆய்வு. என் கருத்தை நேராகச் சொல்கிறேன்: எண்ணிக்கையை இப்போது தொடாதீர்கள். முதலில் சொற்களை ஆராயுங்கள். நம் வீடுகளில் இந்த நோய் எந்தச் சொல்லில் பேசப்படுகிறது, எந்தச் சொல்லுக்குப் பின்னால் மறைந்துகொள்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் ஆய்வை உங்களைப் போன்ற குழுவால்தான் செய்ய முடியும். பல்கலைக்கழகத்தால் தனியாக அதைச் செய்ய முடியாது. எத்தனை பேர் என்ற கணக்கை உங்கள் குழுவால் சரியாகச் செய்ய முடியாது. செய்தால் தப்பான எண் ஒன்று ஊரில் உலவத் தொடங்கும்.

ஏன் முடியாது என்று விளக்குகிறேன். 2006-ல் வெளியான ஒரு சிங்கப்பூர் ஆய்வில், 12 முதல் 26 வயது வரையிலான பெண்களில் 7.4 விழுக்காட்டினர் ஈட்-26 என்ற வினாப்பட்டியலில் ஆபத்து எல்லையைத் தாண்டினார்கள். 4,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுச் செய்த ஆய்வு அது. நோய் இருப்பதாக அதற்குப் பொருளில்லை, மேலே விசாரிக்க வேண்டியவர்கள் என்று பொருள். இந்த அளவிலான ஒரு விகிதத்தைத் தமிழர்களிடையே மூன்று விழுக்காட்டுப் புள்ளி கூடக்குறைய அளப்பதற்கே, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 290 பேராவது வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படிவத்தை நிரப்புகிறவர்கள் யார்? இந்த விஷயத்தில் ஏற்கெனவே சூடு பட்டவர்கள். அப்படி 4,000 பேர் நிரப்பினாலும் அது சமூகத்தைப் பிரதிபலிக்கும் மாதிரி ஆகாது.

இன்னொரு சிக்கல், சல்லடையின் சிக்கல், அதாவது ஆபத்தில் இருப்பவர்களைப் பிரித்தெடுக்கும் வினாப்பட்டியலின் சிக்கல். ஒரு பேச்சுக்கு 1,000 இளையர்கள், அவர்களில் 20 பேருக்கு உண்மையில் நோய் என்று வைத்துக்கொள்வோம். வினாப்பட்டியல் நல்லதுதான்: நோயுள்ளவர்களில் 80 விழுக்காட்டினரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும். கணக்குப் போட்டால் 16 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், 4 பேர் தப்பிவிடுவார்கள். மீதி 980 பேரில் 98 பேர் தவறாகப் பிடிபடுவார்கள். ஆக 114 பேர் ‘ஆபத்தில்’. அவர்களில் உண்மை 16. இந்த 114 என்ற எண் ஒரு செய்தியாக வெளியே போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதுவும் அந்தச் சல்லடை நம் வீட்டுக்கென்று பின்னப்பட்டதா? ஈட்-26-ல் 26 கேள்விகள். 20 மதிப்பெண்ணைத் தொட்டால் மேலும் விசாரிக்க வேண்டும் என்று கணக்கு. ‘எப்போதும்’ என்றால் 3, ‘வழக்கமாக’ என்றால் 2, ‘அடிக்கடி’ என்றால் 1. அதற்குக் கீழே சுழியம். கடைசிக் கேள்விக்கு மட்டும் இது தலைகீழ். அதில் ஒரு கேள்வி, சாப்பிடச் சொல்லி மற்றவர்கள் என்னை வற்புறுத்துவதாக உணர்கிறேனா என்பது. பாட்டி இருக்கிற எந்தத் தமிழ் வீட்டில் இதற்கு ‘எப்போதும்’ என்ற பதில் வராது? இன்னும் கொஞ்சம் சாப்பிட்டால் நல்லது என்று மற்றவர்கள் நினைப்பதாகத் தோன்றுகிறதா என்று வேறொரு கேள்வி. அதற்கும் 3. சர்க்கரை சேர்த்த உணவைத் தவிர்க்கிறேனா? அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் நீரிழிவு இருக்கிற வீட்டில் எல்லாருமே தவிர்ப்பார்கள். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு போன்ற மாவுச்சத்தைக் குறைக்கிறேனா? பலதுறை மருந்தகத்தில் மருத்துவரே குறைக்கச் சொல்லியிருப்பார். நான்கு கேள்வியில் 12 மதிப்பெண் வந்துவிட்டது, நோய் எதுவும் இல்லாமலே. மறுபக்கம், வெள்ளிக்கிழமை விரதம், தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம், நோன்பு மாதம் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட மரியாதையான வழிகள் நம்மிடம் நிறைய உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அவை விரதம் மட்டுமே. சிலருக்கு மட்டும் விரதம் முடிந்த பிறகும் முடியாது. இந்த வித்தியாசத்தைக் கேட்கும் கேள்வி ஈட்-26-ல் கிடையாது. “விரதம் முடிந்த மறுநாள் காலையில் என்ன சாப்பிட்டாய், அப்போது மனசுக்கு எப்படி இருந்தது?” என்ற கேள்வி ஒரு தாய்க்கோ சித்திக்கோதான் தோன்றும்.

ஸ்காஃப் என்ற ஐந்து கேள்விப் பட்டியல் இன்னும் சுருக்கமானது. 1999-ல் பிரிட்டனில் வந்தது, இரண்டு ‘ஆம்’ வந்தால் மேலே விசாரிக்க வேண்டும். அதில் எடை குறைந்ததா என்பதை ஒரு ‘ஸ்டோன்’ கணக்கில் கேட்கிறார்கள். நம் கணக்கில் ஆறு கிலோ சொச்சம். அதை மாற்றுவது சுலபம். உணவு உன் வாழ்க்கையை ஆள்கிறதா என்ற கேள்வியை எப்படிச் சொல்வீர்கள்? “எப்பப் பார்த்தாலும் சாப்பாட்டு நினைப்பாவே இருக்கா?” என்றால் அது தீனிப்பண்டாரம் என்ற கேலியாகிவிடும். நோயுள்ள பெண் ‘இல்லை’ என்று சொல்லிவிடுவாள்.

வேறு ஊர்களில் நடந்த மூன்று ஆய்வுகளைச் சொன்னால் நான் சொல்லவருவது இன்னும் தெளிவாகும். ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ 1993-ல் 70 அனோரெக்சியா நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 41 பேர் ‘குண்டாகிவிடுவேன்’ என்று பயப்படவில்லை. வயிறு உப்புகிறது, பசிக்கவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றார்கள். எடை பயத்தைத் தேடும் மேற்கத்திய அளவுகோலை வைத்தால் பாதிப் பேருக்கு மேல் தப்பியிருப்பார்கள். சென்னையிலும் 1990களில் மருத்துவ மாணவர்களிடையே ஆய்வு செய்தவர்கள், அங்கே கண்டதற்கு ‘உண்ணும் வேதனை’ என்ற பொருளில் தனிப் பெயர் வைத்து, தனி வினாப்பட்டியலும் உருவாக்கினார்கள். ஃபீஜியில் ஆன் பெக்கர் செய்த ஆய்வை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம்: 1995-ல் தொலைக்காட்சி வந்த புதிதில் பள்ளி மாணவியரில் 12.7 விழுக்காட்டினர் ஈட்-26-ல் 20ஐத் தாண்டினார்கள், 1998-ல் 29.2 விழுக்காட்டினர். எல்லாரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்ணைத்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டது அறுபது சொச்சம் பேரிடம், இரண்டு முறையும் வேறு வேறு பெண்கள். தொலைக்காட்சிதான் காரணம் என்று அந்த எண் நிரூபிக்காது. அந்தப் பெண்கள் உட்கார்ந்து பேசிய பேச்சுதான் எண்ணுக்குப் பொருள் கொடுத்தது. திரையில் வருகிறவர்களைப் போல இருந்தால் வேலை கிடைக்கும், முன்னேறலாம் என்று அவர்கள் சொன்னதைப் படிவம் பிடித்திருக்காது.

தமிழில் பெயரே முதல் தடை. ‘உணவுக் கோளாறு’ என்றால் வெளியே சாப்பிட்டு வயிறு கெட்டுப்போனது என்றுதான் பெரியவர்கள் நினைப்பார்கள். ‘பசியின்மை நோய்’ இன்னும் மோசம். அனோரெக்சியாவில் பசி இருக்கிறது, பல சமயம் பயங்கரமாக இருக்கிறது. 1944, 45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார்கள். எடை கால் பங்கு குறைந்தது. அவர்கள் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், உணவைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாமல் தவித்தார்கள். பட்டினி கிடக்கும் மூளை அப்படித்தான் வேலை செய்யும். ஆகவே வீட்டில் எல்லாருக்கும் கேக் செய்து கொடுத்துவிட்டுத் தான் தொடாமல் இருக்கும் பெண்ணைப் பார்த்து “அவளுக்குச் சாப்பாட்டு மேல் ஆசை இருக்கே, நோயெல்லாம் இல்லை” என்று சொல்வது தவறு. நான் ‘உண்ணும் கோளாறு’ என்று எழுதுகிறேன். அதுவும் பாட்டிக்குப் புரியாது. “கொறிச்சுட்டு எழுந்திருச்சிடுறா”, “வாய்க்கு எதுவும் பிடிக்கலையாம்”, “உடம்பு போட்டுடுச்சுன்னு யாரோ சொன்னாங்களாம்”, “பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுக்கிட்டு ரொம்ப நேரம் இருக்கா”: வீட்டில் ஓடுவது இந்தச் சொற்கள். இவற்றைச் சேகரித்து, எது எதைக் குறிக்கிறது என்று எழுதி வைத்தாலே அது நல்ல ஆய்வு. பள்ளி ஆலோசகருக்கும், பலதுறை மருந்தக மருத்துவருக்கும் நேரடியாகப் பயன்படும்.

செய்முறைக்கு வருகிறேன். 18 முதல் 25 வயது வரை, நோயை அனுபவித்த ஐந்தாறு பேர், ஐந்தாறு தாய்தந்தையர், ஐந்தாறு தாத்தா பாட்டிகள். இந்த மூன்று கூட்டத்தோடு தொடங்குங்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, ஒரு கேள்வியைப் படித்துக் காட்டி, “இதை உங்க வார்த்தையில சொல்லுங்க”, “‘அடிக்கடி’ன்னு சொன்னீங்களே, எதை நினைச்சுச் சொன்னீங்க?” என்று கேட்க வேண்டும். சரியான பதிலைத் தேடக்கூடாது. கேள்வி எங்கே வழுக்குகிறது என்பதைத்தான் தேடுகிறோம். திருத்தி, வேறு ஆட்களிடம் இரண்டாம் சுற்று. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் என்று மொழிபெயர்த்து ஒப்பிடுவது வழக்கம். அதைச் செய்யுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். சொல் சரியாகத் திரும்பி வரும், பொருள் வராது. பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் இந்த நோயைப் பற்றிப் பேசுவார்கள், பாட்டியிடம் மட்டும் தமிழில். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் சிங்கப்பூர்வாசிகள் எல்லாரிலும் 2.5 விழுக்காடுதான். ஆகவே கலந்து பேசியதைக் கலந்தபடியே எழுத்தாக்குங்கள். எந்த இடத்தில் மொழி மாறுகிறது என்பதே ஒரு தகவல். ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நம் கலப்புப் பேச்சை இயந்திர எழுத்தாக்கம் கண்டபடி எழுதும்.

ஆண்பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். தேசிய சேவைக்கு முன் எடை குறைக்கிறேன் என்று தொடங்கி நிறுத்த முடியாமல் போகிறவர்களை யாரும் இந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. அமெரிக்க மனநல வகைப்பாட்டில் 2013 வரை, மாதவிலக்கு நிற்பது அனோரெக்சியாவுக்கு ஓர் அடையாளமாகவே இருந்தது. அந்த ஆண்டுதான் நீக்கினார்கள். பல வீடுகளில் அந்தப் பழைய எண்ணம் இன்னும் நீங்கவில்லை. இன்னொருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்: இல்லப் பணிப்பெண். குப்பைத் தொட்டியில் சோறு விழுவதையும் அலமாரிக்குப் பின்னால் பிஸ்கட் உறைகளையும் முதலில் பார்ப்பவர் அவர்தான். ஆனால் அவரிடம் பேச முதலாளி வழியாக அனுமதி கேட்டால் அது உண்மையான சம்மதமாக இருக்காது. அவரைச் சேர்க்க நல்ல வழி கிடைக்காவிட்டால் சேர்க்காமல் விடுவதே மேல்.

இனி அந்த மாணவர். ‘இணை ஆய்வாளர்’ என்பதற்கு ஒரே பொருள் கிடையாது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். அடிப்படியில் ஏய்ப்பு, நடுவில் ஒப்புக்கு ஆலோசனை, உச்சியில் மக்கள் கையில் அதிகாரம். உங்களை எந்தப் படியில் நிறுத்துகிறார் என்று தெரிந்துகொள்ள, கேள்வியை யார் எழுதியது என்று பாருங்கள். தலைப்பும் கேள்விகளும் முடிவான பிறகு உங்களிடம் வந்தால், நீங்கள் பங்கேற்பாளர்கள், ஆட்களைப் பிடித்துத் தருபவர்கள். அது இழிவில்லை, ஆனால் அதற்கு அந்தப் பெயரை வைக்கட்டும். கேள்வியைச் சமூகமே முடிவு செய்யும் முறை ஏற்கெனவே இருக்கிறது. பிரிட்டனில் 2004-ல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி, நோயாளிகள், குடும்பத்தினர், மருத்துவர்கள் மூவரையும் சமமாக உட்காரவைத்து, விடை தெரியாத கேள்விகளைத் திரட்டி, ஏற்கெனவே விடை உள்ளவற்றை நீக்கி, கடைசியில் முதல் பத்தைத் தேர்ந்தெடுக்க வைக்கிறது. நெதர்லாந்தில் அந்த வழியைப் பின்பற்றி உண்ணும் கோளாறுகளுக்கு ஒரு முதல் பத்துப் பட்டியல் 2016-ல் வெளியானது. முழுதாகச் செய்ய 12 முதல் 18 மாதம் ஆகும். ஒரு முதுகலை மாணவரின் காலத்துக்குள் அடங்காது. ஆகவே சிறிய அளவில், உங்கள் எட்டுக் குடும்பங்களுக்குள் ஒரு பிற்பகல், ஆளுக்கு மூன்று கேள்வி எழுதி, ஒன்றாக்கி, வாக்களியுங்கள். பிள்ளைகள் தனியாக, பெற்றோர் தனியாக. இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தோடு மாணவரைச் சந்தியுங்கள்.

ஒப்பந்தத்தில் மாணவரோடு அவருடைய மேற்பார்வையாளரும் கையெழுத்திட வேண்டும், ஏனென்றால் மாணவர் போய்விடுவார், தரவு அங்கேயே இருக்கும். ஒலிப்பதிவு எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும், ஒருவர் எந்தத் தேதி வரை விலகித் தன் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், கட்டுரையை வெளியிடுமுன் உங்களுக்குப் படிக்க எத்தனை நாள் (முப்பது நாள் கேளுங்கள்), பெயர் போடுவதா வேண்டாமா என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்பார்களா, இதே தரவை வேறு ஆய்வுக்குப் பயன்படுத்த மறுபடி கேட்பார்களா, இவையெல்லாம் எழுத்தில் வேண்டும். ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்: பிடிக்காத முடிவை வெளியிடாமல் தடுக்கும் உரிமை. உறவினர்கள் கல்யாண வீட்டில் உடம்பைப் பற்றிச் சொன்ன சொல், அம்மாவே சொன்ன சொல், இதெல்லாம் அந்தப் பேச்சுகளில் வரும். அப்போது குழுவின் பெரியவர்களுக்கு அதை நீக்கத் தோன்றும். உங்கள் மறுப்பை அறிக்கையோடு சேர்த்து வெளியிடும் உரிமை போதும். பிள்ளை வாய்திறந்து சொன்னதை அழிக்கும் அதிகாரம் பெற்றோர் கையில் இருந்தால் எந்தப் பிள்ளையும் பேசாது.

கூலி விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். எட்டு உறுப்பினர்கள், பத்துக் கூட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம், அதற்கு முன் படிக்க ஒரு மணி நேரம். 200 மணி நேரம் ஆகிறது. ஆய்வு உதவியாளருக்கு என்ன மணிக்கூலியோ அதே விகிதத்தில் இந்த 200 மணி நேரமும் விண்ணப்பத்தின் செலவுப் பட்டியலில் இருக்க வேண்டும். கடைசியில் ஒரு ஃபேர்பிரைஸ் பற்றுச்சீட்டு தருவது நன்றி தெரிவிப்பதுதான், ஊதியமாகாது.

சட்டத்தைப் பொறுத்தவரை இது உறுதி: சிங்கப்பூரின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் 2015, ஒரு நோயைப் பற்றி, அடையாளம் தெரியக்கூடிய உடல்நலத் தகவலைக் கொண்டு செய்யும் ஆய்வு ஓர் ஆய்வு நிறுவனத்தின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்கிறது, ஆய்வின் நெறிமுறைகளைச் சரிபார்க்கும் நிறுவன மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். குடும்பங்கள் மட்டும் தனியாக நடத்த இடமில்லை. இந்த வகையில் மாணவர் வந்தது உங்களுக்கு நன்மை. 21 வயது நிறையாதவர்கள் பங்கெடுத்தால், பொதுவாக அவர்கள் சம்மதத்தோடு பெற்றோர் சம்மதமும் வேண்டும். சில நிபந்தனைகளில் விலக்கு தர வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. உங்கள் குறிப்பிட்ட திட்டம் எந்தப் பிரிவில் விழும் என்பதை அந்த வாரியம்தான் சொல்ல முடியும். மாணவர் முதல் வாரத்திலேயே அங்கே கேட்கட்டும்.

பாதுகாப்பில்தான் பெரும்பாலான நல்ல எண்ணங்கள் சறுக்குகின்றன. அழைப்பு அறிவிப்பிலும் கேள்விகளிலும் எடை எண், கலோரி எண், ‘முன்பு, இப்போது’ படங்கள் எதுவும் வேண்டாம். என்ன வழியில் மெலிந்தார்கள், எப்படி மறைத்தார்கள் என்ற விவரம் அறிக்கையில் வரக்கூடாது. அது இன்னொரு பிள்ளைக்குக் கையேடாகிவிடும். கூட்டத்தைப் பிற்பகல் இரண்டரை மணிக்கு வைத்து நான்குக்குள் முடியுங்கள், யாருடைய சாப்பாட்டு வேளையையும் விழுங்கக்கூடாது. பலகாரம் வைப்பதானால் ஓரமாக வையுங்கள். “கொஞ்சம் எடுத்துக்கோம்மா” என்று யாரும் சொல்லக்கூடாது என்பதை எழுதி வைத்த விதியாக்குங்கள். நம் கூட்டத்தில் அது இயல்பாக நிற்காது. காணொளிச் சந்திப்பென்றால் தன் முகம் தனக்குத் தெரியாதபடி அமைப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் தன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருப்பது சிலருக்குத் தாங்காது. கோவில் மண்டபமும், எல்லாரும் வந்துபோகும் சமூக மன்றமும் வேண்டாம். உங்கள் குழுவின் தாய்மார்கள் ஒருவர் பிள்ளையை மற்றவர் பேட்டி எடுக்கவே கூடாது.

பேட்டி எடுப்பவர் கையில் ஒரு பக்கத் தாள் இருக்க வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் இரத்தம் என்று கேட்டால் பேட்டி அங்கேயே நின்றுவிட வேண்டும். உடனே அவசரப் பிரிவு, தேவையானால் 995. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால் ஆளைத் தனியே விடக்கூடாது. 1771 தேசிய மனநல உதவி எண்ணும், 1767 சமாரியர் சங்க எண்ணும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. மறுநாள் ஒருவர் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும், யார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். சிகிச்சை இல்லாதவர்களுக்குச் சொல்லச் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் உண்ணும் கோளாறுப் பிரிவு, இளம் வயதினருக்குக் கேகே மருத்துவமனை, இல்லையென்றால் பலதுறை மருந்தகம் வழியாகப் பரிந்துரை என்று தாளின் பின்பக்கம் இருக்கட்டும்.

“குணமானவர்கள் மட்டும்தான் இணை ஆய்வாளர்களாக இருக்கலாமா?” என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் துறைக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஓராண்டு, ஈராண்டு என்று வரம்பு வைப்பவர்கள் உண்டு. ஆனால் அப்படி வைத்தால் நீண்ட காலமாக நோயோடு இருப்பவர்களின் குரல் போய்விடும். சான்றிதழ் கேட்பதைவிட, “எந்த மாதிரி வாரத்தில் இந்த வேலை உனக்குக் கஷ்டமாக இருக்கும், அப்போது யாரைக் கூப்பிடட்டும்?” என்று தொடக்கத்திலேயே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது என்பது என் நிலைப்பாடு. இப்படிச் சேர்ந்து செய்தால் ஆய்வு மேம்படுமா என்பதிலும் ஓரளவுக்குத்தான் உறுதி. நோயாளிகளும் பொதுமக்களும் ஆய்வுத் திட்டத்தில் பங்கெடுத்தால் மற்றவர்கள் சேர முன்வருவது ஓரளவு கூடுகிறது, அதிலும் அனுபவப்பட்டவர்கள் இருந்தால் இன்னும் கூடுகிறது என்று 2018-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. சேர்ந்தவர்கள் கடைசிவரை நிற்கிறார்களா என்பதற்கு அதில் தெளிவான விடை இல்லை.

குழுவில் ஒருவர் பழைய பள்ளித் திட்டத்தைக் குற்றம் சாட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். 1992 முதல் 2007 வரை நம் பள்ளிகளில் நடந்த டிரிம் அண்ட் ஃபிட் திட்டத்தில் எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். அதன் சுருக்கப் பெயரான TAF-ஐத் திருப்பிப் படித்தால் வரும் FAT (குண்டு) என்ற ஆங்கிலச் சொல்லைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் கேலி செய்தார்கள். அந்த அவமானம் உண்மை, நினைவு உண்மை. அதுதான் இந்த நோயைக் கொண்டுவந்தது என்று நிறுவப்படவில்லை. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று தாய்தந்தையர்; அந்த நினைவு தங்கள் பிள்ளைகளின் தட்டை அவர்கள் பார்க்கும் விதத்தை மாற்றியதா என்பது நல்ல கேள்வி. உங்கள் வாக்கெடுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பகுப்பாய்வில் ஒவ்வொரு பேட்டியையும் இருவர் தனித்தனியாகப் படிக்கட்டும், ஒருவர் நோயை அனுபவித்தவர், ஒருவர் பயிற்சி பெற்றவர். முரண்படும் இடங்களைச் சமரசம் செய்து அழிக்காமல் குறித்து வையுங்கள். பெரும்பாலும் அங்கேதான் விஷயம் இருக்கும். வெளியிடும்போது நம் ஊர் எவ்வளவு சிறியது என்பதை மறக்க வேண்டாம். பதினேழு வயது, பரதநாட்டியம், இன்ன தொடக்கக் கல்லூரி என்று மூன்று விவரம் போதும், படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு யார் என்று தெரிந்துவிடும். ஐந்து பேருக்குக் குறைவான எந்தக் கட்டத்தையும் அட்டவணையில் காட்டாதீர்கள்.

ஏற்கெனவே நிரப்பப்பட்ட அந்த நாற்பது படிவங்களுக்கு இன்றே ஒரு வேலை செய்யுங்கள். படிவத்தை மூடுங்கள். பெயர், தொலைபேசி எண், எடை எல்லாம் அதில் கேட்டிருக்கிறீர்கள். விரிதாளின் பகிர்வு இணைப்பை நிறுத்தி, உங்கள் குழுவில் ஒருவர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். எதையும் எண்ணாதீர்கள், மாணவருக்கும் அனுப்பாதீர்கள். ஆய்வுக்கென்று முறையான சம்மதம் வாங்காத தரவை அவரால் பயன்படுத்த முடியாது, பயன்படுத்தலாம் என்று அவர் சொன்னால் அதுவே எச்சரிக்கை. பதில்களை ஒரே ஒரு முறை, ஒரே ஒரு காரணத்துக்காகப் படியுங்கள்: யாராவது உயிர் ஆபத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பார்க்க. இருந்தால் இன்றைக்கே கூப்பிட்டு, மேலே சொன்ன எண்களைக் கொடுங்கள். பிறகு நாற்பது பேருக்கும் தனித்தனியாக, குழுவில் போடாமல், “படிவத்தை நிறுத்திவிட்டோம், உங்கள் பதிலை இந்த வெள்ளிக்கிழமை அழித்துவிடுவோம், பின்னால் முறையான ஆய்வு தொடங்கினால் உங்களை அழைக்கலாமா?” என்று ஒரு செய்தி அனுப்புங்கள். ‘அழைக்கலாம்’ என்று சொல்கிறவர்களின் பெயரையும் எண்ணையும் மட்டும் தனியாக எழுதிக்கொண்டு, வெள்ளிக்கிழமை மீதியை அழியுங்கள். கூகல் குப்பைத் தொட்டியிலும், யாராவது பதிவிறக்கியிருந்தால் அவர்கள் கைப்பேசியிலும் சேர்த்து.